தோப்பில் ஒரு ராத்திரி: விறகடுப்பா, கேஸ் அடுப்பா?

காரைக்குடிப் பக்கம் தோப்பிலோ கண்மாய்க் கரையிலோ முதல் முறையாகக் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர்கள், டெண்ட் எங்கே வாங்குவது என்று கேட்பதற்கு முன்னால் என்னிடம் கேட்பது இதைத்தான்: சமையலுக்கு அங்கேயே விறகு மூட்டிக்கொள்ளலாமா, கேஸ் அடுப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா?

சொந்தபந்தங்களின் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பத்து வருடத்துக்கு மேலாக இப்படிப் போய் வருகிறேன். என் பதில் இன்றுவரை மாறவில்லை. கேஸ் அடுப்பு கட்டாயம் வண்டியில் இருக்க வேண்டும். விறகு ஒரே ஒரு கறிக்கு மட்டும். அதுவும் இடத்துக்காரர் சரி என்று சொல்லி, காற்றும் ஒத்துழைத்தால். நான்கு பேர், ஆறு பேர் போகிற கூட்டத்துக்கு இதுதான் கணக்கு. இருபது பேர் என்றால் கணக்கு வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் என்ன சாப்பிடப் போகிறீர்கள்?

அடுப்பைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, ராத்திரிக்கு என்ன, காலையில் என்ன என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே எத்தனை நிமிடம் தீ வேண்டும், தீயைக் கூட்டிக் குறைக்க வேண்டுமா என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த அடுப்பு என்பது அந்தத் தாளிலேயே பாதி முடிவாகிவிடும்.

டீ, காபி, முட்டை, உப்புமா, சோறு, ரசம் எல்லாம் கேஸ் அடுப்பு வேலை. சீக்கிரம் தீ வேண்டும், வேலை முடிந்ததும் நிறுத்த வேண்டும். காலை ஆறு மணிக்கு ஒரு டம்ளர் காபிக்காக விறகு மூட்டி, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது யாருக்கும் சுகமில்லை.

வெள்ளைப் பணியாரம், சீயம், கந்தரப்பம் மாதிரி எண்ணெயில் பொரிக்கிறது எதையும் விறகில் வைக்காதீர்கள். வெள்ளைப் பணியாரத்துக்கு மாவை ஒரு கரண்டி ஊற்றியதும் எண்ணெயின் சூடு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. விறகுத் தீ அப்படி நிற்காது. அதைவிட, சட்டி லேசாகச் சாய்ந்து எண்ணெய் தீயில் வழிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வெட்டவெளியில் பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்காது. முதல் தடவை போகிறவர்கள் பொரியலும் பலகாரமும் வீட்டிலேயே செய்து ஓலைக் கொட்டானில் கட்டி எடுத்துப் போவது நல்லது.

கவுனி அரிசியையும் விட்டுவிடுங்கள். ராத்திரி முழுக்க ஊற வைத்தாலும் வேக நேரம் பிடிக்கும். குக்கர் இல்லாமல் அதைக் கூடாரத்துக்கு முன்னால் வேக வைக்க உட்கார்ந்தால் சாமம் ஆகிவிடும். குக்கரை விறகில் ஏற்றலாம் என்றும் நினைக்காதீர்கள். பக்கவாட்டில் எழும்புகிற தீ கைப்பிடியைக் கருக்கும், கேஸ்கட் ரப்பரையும் கெடுக்கும். மூன்று லிட்டர் குக்கர் கேஸ் அடுப்பில் நன்றாக உட்காரும்.

அப்படியானால் விறகுக்கு என்னதான் மிச்சம்? என்னைக் கேட்டால் உப்புக்கறி. விறகடுப்புக்கென்றே பிறந்த பண்டம் அது. இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றி, விதை உதறிய வரமிளகாயைக் கிள்ளிப் போட்டு, உரித்த சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்கியதும் ஆட்டுக்கறியைப் போட்டு உப்புப் போடுங்கள். மசாலாப் பொடி எதுவும் வேண்டாம். கறியே தண்ணீர் விடும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, தட்டு மூடி, கங்கில் விட்டுவிடுங்கள். ஒன்று, ஒன்றே கால் மணி நேரம் ஆகும். கடைசிப் பத்து நிமிடம் தட்டைத் திறந்ததும் எண்ணெய் பிரிந்து, சட்டியின் ஓரத்தில் சின்ன வெங்காயம் கரைந்து பழுப்பாக ஒட்டியிருக்கும். அதைச் சட்டுவத்தால் சுரண்டிக் கறியோடு சேர்க்கும்போது வருகிற வாசனைக்காகத்தான் நான் விறகைச் சுமக்கிறேன். இதையே டின்னில் அடைத்து வருகிற கேஸில் செய்தால் ஒரு டின்னில் பாதிக்கு மேல் இதற்கே போய்விடும்.

இடமும் மாதமும்

நம் பக்கத்துச் செம்மண் தரையைப் பார்த்தால் கல் மாதிரி இறுகியிருக்கும், தீ பரவாது என்று தோன்றும். பரவுவது தரையில் இல்லை, மேலே. பனங்காட்டில் அண்ணாந்து பாருங்கள். வெட்டாமல் விட்ட பனையில் காவோலை கழுத்தைச் சுற்றித் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு பொறி பறந்து அதில் ஒட்டினால் மரமே பந்தம்தான். பனைக்குக் கீழே எந்த மாதத்திலும் விறகு மூட்டாதீர்கள். தென்னந்தோப்பிலும் காய்ந்த மட்டை தொங்காத இடமாகப் பார்க்க வேண்டும். மேலே வெட்டவெளியாகவும், சுற்றிப் பத்தடிக்குப் புல்லும் சருகும் இல்லாமலும், டெண்டிலிருந்து பதினைந்து அடியாவது தள்ளியும் இருப்பது நல்ல இடம். டெண்ட் துணி பெரும்பாலும் நைலான் அல்லது பாலியஸ்டர். பொறி பட்டால் ஓட்டை விழும். தீ பிடித்தால் உருகிச் சொட்டும்.

பங்குனி, சித்திரை, வைகாசியில் விறகே வேண்டாம். எல்லாம் காய்ந்து கிடக்கும். ஆடிக் காற்றிலும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. விறகு ஈரமாக இருக்கும், புகைதான் வரும். ஆக, மார்கழி பாதியிலிருந்து மாசி வரைதான் விறகுக்கு ஏற்ற காலம். ராத்திரி லேசாகக் குளிரும், தீ பக்கத்தில் உட்காரவும் ஆசையாக இருக்கும்.

அனுமதி இல்லாமல் எந்த இடத்திலும் தீ மூட்டக் கூடாது. தோப்பு என்றால் தோப்புக்காரரிடமும், கண்மாய்க் கரை என்றால் ஊர்ப் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் பழைய வீடுகளை வாடகைக்கு விடுகிறார்கள். அங்கே தங்கினால் முற்றம் சூழ்ந்த வளவிலோ முகப்பிலோ அடுப்பு வைக்கிற எண்ணமே வரக் கூடாது. பர்மாத் தேக்குத் தூண் இருக்கிற இடம் அது. பின்கட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். பிரான்மலை, நார்த்தாமலை என்று மலைப் பக்கம் போகிறவர்கள், அது காப்புக்காடா என்று வனத்துறையிடம் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத் தீயில் சிக்கி இறந்தார்கள். கோடைக் காட்டில் தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அப்போது தமிழ்நாடே பார்த்தது.

வேட்டங்குடி பறவைகள் சரணாலயப் பக்கம் போகிறவர்களும் நினைவில் வையுங்கள். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிற ஊர்க்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். நாம் போய்ப் புகை போடக் கூடாது.

எந்த கேஸ் அடுப்பு?

கடையில் மூன்று வகை கண்ணில் படும். சூட்கேஸ் மாதிரி பெட்டியில் வருகிற கேசட் ஸ்டவ், டின்னின் தலையிலேயே திருகி மாட்டுகிற குட்டி பர்னர், ஐந்து கிலோ சிலிண்டர். நான்கு பேர் போனால் கேசட் ஸ்டவ். மலை ஏறி முதுகில் சுமந்து போகிறவர்களுக்குத்தான் குட்டி பர்னர். அதில் பெரிய பாத்திரம் நிற்காது, தள்ளாடும். குழந்தைகள் ஓடுகிற இடத்தில் அது வேண்டாம். பம்ப் ஸ்டவ் பழக்கமுள்ளவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது?

கேசட் ஸ்டவ்வுக்கு ஒரு டின் ஏறக்குறைய 220 கிராம். என் கணக்கு இப்படி: ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கப் பதின்மூன்றிலிருந்து பதினைந்து கிராம் கேஸ். நான்கு பேருக்கு அரைப்படி அளவில் சோறு, ஒரு குழம்பு, முட்டை, டீ என்று ஒரு வேளைக்கு 110, 120 கிராம் ஆகும். ஆக ஒரு டின் இரண்டு வேளைக்கு வரும். ஒரு ராத்திரி தங்க இரண்டு டின் எடுத்துப் போங்கள், காற்றடித்தால் கூடுதலாகச் செலவாகும். அதே ஒரு லிட்டர் தண்ணீரை மூன்று கல் அடுப்பில் கொதிக்க வைக்கக் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக விறகு ஆகும். விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஒன்றரைப் பங்குதான் பாத்திரத்துக்குப் போகிறது. மீதி நம் முகத்துக்கும் வானத்துக்கும்.

டின்னில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். அதன் கொதிநிலை பூஜ்யம் டிகிரியை ஒட்டி இருக்கிறது. நம் ஊர் மார்கழிக்கு ஒன்றும் ஆகாது. அதே டின்னோடு கொடைக்கானல் போய் விடியற்காலையில் பற்ற வைத்தால் தீ சோர்ந்து எரியும்.

வாங்கியதும் வீட்டு வாசலில் வைத்து ஒரு தடவை பற்ற வைத்துப் பழகிவிடுங்கள். டின்னின் கழுத்து விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். அது அடுப்பில் இருக்கிற முனையோடு பொருந்தும்படி வைத்து, பிறகு நெம்புகோலை அழுத்த வேண்டும். பொருந்தாமல் அழுத்தினால் கேஸ் கசியும். அப்புறம் இன்னொன்று, இதை யாரும் சொல்லித் தருவதில்லை: டின் இருக்கிற பெட்டிக்கு மேலே பாத்திரம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அகலமான தோசைக்கல், பெரிய இருப்புச்சட்டி எல்லாம் சூட்டை டின்னுக்குத் திருப்பி அடிக்கும். டின் சூடேறினால் வெடிக்கும். இரண்டு ஸ்டவ்வைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பெரிய கல்லைப் போடுவதும் அதே ஆபத்துதான். காற்றுக்குத் தகரத்தை மடக்கி அடுப்பை முழுக்கச் சுற்றி அடைப்பதும் கூடாது. காற்று வருகிற பக்கம் மட்டும், ஒரு முழம் தள்ளி, மறைப்பு வைத்தால் போதும். சமையல் முடிந்ததும் டின்னைக் கழற்றி நிழலில் வையுங்கள். வெயிலில் நிற்கிற காரின் டிக்கியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மழை வந்தால் டெண்டுக்குள் அடுப்பைக் கொண்டு போகிற எண்ணம் எல்லோருக்கும் வரும். வேண்டவே வேண்டாம். தீப்பிடிப்பது ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு இன்னொரு பக்கம். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கம் வருகிற மாதிரித்தான் இருக்கும். மிச்சக் கங்கைக் குமுட்டி அடுப்பில் அள்ளிக் குளிருக்காக டெண்டுக்குள் வைப்பதும் இதே கதைதான்.

ஐந்து கிலோ சிலிண்டரை முகவரிச் சான்று இல்லாமலே, அடையாள அட்டையைக் காட்டி ஏஜென்சியிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் வாங்கலாம். வாங்கும்போது வாஷரைப் பாருங்கள். மாட்டிய பிறகு சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்கு நிரப்பித் தருகிறேன் என்கிற இடத்துப் பக்கமே போகாதீர்கள். அது சட்டத்துக்கும் விரோதம், உயிருக்கும் ஆபத்து. சிலிண்டரில் இருக்கிற எல்பிஜி காற்றைவிடக் கனம். கசிந்தால் பறந்து போகாது, பள்ளத்தில் தேங்கும். அதனால் சிலிண்டரைக் குழியிலோ வாய்க்காலிலோ வைக்காமல் மேட்டில் வையுங்கள்.

ரயிலில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிலிண்டர், டின், ஸ்டவ், மண்ணெண்ணெய் எதையும் ரயிலில் கொண்டு வரக் கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்ற சுற்றுலா ரயில் பெட்டியில் விதியை மீறிக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். காரைக்குடியில் இறங்கிய பிறகு டின் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது உள்ளூர் நண்பரை வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

விறகு மூட்டுவது என்றால்

நம் பக்கம் கையை நீட்டினால் சீமைக்கருவேலம். சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் கரிமூட்டம் போடுவதே இந்த மரத்தில்தான். காய்ந்தது நின்று எரியும், கங்கு நெடுநேரம் தாங்கும். உப்புக்கறிக்கு இதைவிட நல்ல விறகு எனக்குத் தெரியாது. தொல்லை முள்தான். செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும், டெண்டின் அடித்துணியையும் கிழிக்கும். டெண்ட் போடுகிற இடத்துக்கும் விறகு போடுகிற இடத்துக்கும் நடுவே இருபதடி விடுங்கள். பச்சையாக வெட்டாதீர்கள். கீழே விழுந்து காய்ந்தது, ஒடித்தால் சட்டென்று முறிவது, அதுதான் விறகு. வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அரளியை விறகாகவோ, கோழி குத்திச் சுடுகிற குச்சியாகவோ தொடவே கூடாது. மரம் முழுக்க விஷம். சுடுவதற்கு இரும்புக் கம்பி எடுத்துப் போங்கள்.

தோப்புக்காரரிடம் மூன்று செங்கல் கேளுங்கள். ஊரணிக் கரையிலும் கண்மாய்க்குள்ளும் கிடக்கிற கல்லை எடுத்து அடுப்பு கூட்டாதீர்கள். உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் ஆவியாகிக் கல் வெடித்துத் தெறிக்கும். தரையில் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி வெட்டி, வெட்டிய மண்ணை ஒரு பக்கம் குவித்து வையுங்கள். குழியை ஒரு பக்கமாக நீட்டி வாய்க்கால் மாதிரி வெட்டினால் இன்னும் வசதி. வட்டத்தில் விறகு எரியும், கங்கை மட்டும் நீட்டின பக்கம் இழுத்து அதன் மேல் சட்டியை வைக்கலாம். புதியவர்கள் செய்கிற பெரிய தப்பு, கொழுந்து விட்டு எரிகிற தீயில் சட்டியை ஏற்றுவது. அடி பிடிக்கும், மேலே வேகாது. மூட்டி அரை மணி நேரம் பொறுங்கள், கங்கு சேரட்டும்.

மூட்டுவதற்குத் தென்னம் பன்னாடையும் ஒரு கட்டிக் கற்பூரமும் போதும். அதன் மேல் ஈர்க்குச்சி கனத்தில் சுள்ளி, பிறகு விரல் கனம், பிறகு மணிக்கட்டுக் கனம். ஒவ்வொன்றும் பிடித்த பிறகு அடுத்தது. அணைகிற தீயில் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றாதீர்கள், தீ ஊற்றுகிற கைக்கே ஏறும். புகைந்தால் ஊதுகுழலால் அடியில் ஊதுங்கள். பாத்திரத்தை ஏற்றுவதற்கு முன் அதன் வெளிப்பக்கம் சாம்பலைக் குழைத்துப் பூசிவிட்டால் கரி பிறகு சுலபமாகக் கழுவிப் போகும். பூசாமல் விட்டால் வீட்டில் ஆச்சியிடம் திட்டு வாங்குவது நீங்கள்தான். இரண்டு குடம் தண்ணீரை அடுப்புக்கு எட்டுகிற தூரத்தில், குடிக்கிற தண்ணீரோடு சேர்க்காமல், தனியாக வையுங்கள்.

இருபது பேர், முப்பது பேர் என்றால் விறகுதான் தோது. அத்தனை பேர் சோற்றுக்கான குண்டானை எந்தக் கேசட் ஸ்டவ்வும் தாங்காது. ஆனால் அது புதியவர்கள் வேலை இல்லை. கல்யாண வீட்டில் குண்டான் ஏற்றுகிற கோட்டையடுப்பு பார்த்துப் பழகிய சமையல்காரர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடியோடு நடக்கிற நகரத்தார் கூட்டத்தில் பாருங்கள், சமைக்கிற கூட்டம் வேறு, நடக்கிற கூட்டம் வேறு.

அணைப்பது

நானே தப்பு செய்து கற்றுக்கொண்டது இதை. ஒரு மாசி மாதம், தென்னந்தோப்பில் சமைத்து முடித்துவிட்டு, கங்கின் மேல் ஒரு முழம் செம்மண்ணைத் தள்ளி மிதித்து மூடினேன். மேலே கை வைத்தால் குளிர்ச்சியாக இருந்தது. நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் பெரியப்பா மகன் பல் துலக்கிக்கொண்டே வெறுங்காலோடு அந்த மண்ணின் மேல் ஏறினான். கால் உள்ளே இறங்கியது. அவன் கத்தின கத்தலில் தோப்பே எழுந்துவிட்டது. உள்ளங்காலில் மூன்று கொப்புளம். மண்ணை விலக்கினால் கங்கு ராத்திரி இருந்த மாதிரியே சிவப்பாகக் கிடக்கிறது. குழி ஓரத்தில் ஒரு தென்னை வேர் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டு மரத்தின் தூரை நோக்கிப் போயிருந்தது.

தோப்புக் காவல்காரர் வந்து பார்த்தார். "தம்பி, மண்ணைப் போட்டா தீ தூங்கும். அணையாது" என்றார். அவரே குடத்தை எடுத்து வந்து ஊற்றி, கம்பால் கிளறி, மறுபடி ஊற்றி, வேரையும் வெட்டி எடுத்து நனைத்தார். மூன்று குடம் ஆயிற்று.

அன்றிலிருந்து நான் செய்வது இதுதான். தூங்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விறகு போடுவதை நிறுத்திவிடுவேன். கங்கைப் பரப்பி, தண்ணீரை ஊற்றுவேன், ஒரேயடியாக இல்லாமல் ஓரத்திலிருந்து தெளித்துத் தெளித்து, ஆவி முகத்தில் அடிக்காமல். கம்பால் அடி வரைக்கும் கிளறுவேன். மறுபடி தண்ணீர். இஸ் என்ற சத்தம் நின்ற பிறகு புறங்கையைச் சாம்பலுக்கு மேலே வைத்துப் பார்ப்பேன். சூடு தெரியாவிட்டால் இன்னும் கிட்டே, கடைசியில் தொட்டும் பார்ப்பேன். சூடு தெரிந்தால் இன்னொரு குடம். குழி ஓரங்களில் வேர் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன்.

காலையில் காபி கேஸ் அடுப்பில். அது கொதிக்கிற நேரத்தில் குழியை மறுபடி ஒரு தடவை கிளறி, ஆறின சாம்பலைத் தோப்புக்காரர் சொல்கிற தென்னையின் தூரில் போட்டு, வெட்டிய மண்ணைத் திரும்பத் தள்ளி மூடுவோம். செங்கல் மூன்றையும் எடுத்த இடத்தில் வைப்போம். முள் சுள்ளி ஏதாவது கிடக்கிறதா என்று பிள்ளைகளை வரிசையாக நடக்க விட்டுப் பொறுக்கச் சொல்வேன். அதற்குள் காபி இறங்கியிருக்கும்.